180/55 வண்டிக்கு 190 டயர் போட்டா ட்ராக்ஷன் கன்ட்ரோல் குழம்புமா?

டர்பன்_பச்சை

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கேன். வண்டி 2019 நிஞ்சா இசட்எக்ஸ்-6ஆர், கம்பெனி டயர் சைஸ் பின்னாடி 180/55, முன்னாடி 120/70, ரெண்டும் 17 இன்ச். வேலை மாரிட்ஸ்பர்க்ல, அதனால பாதி ஓட்டம் என்3 ஹைவேலயே போயிடுது, ஞாயித்துக்கிழமை பிரேக்ஃபாஸ்ட் ரன்னுக்கு ஆர்103ல ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடுன்னு போவோம். பின் டயர் நடுவுல தட்டையா தேஞ்சிருச்சு, மாத்தியே ஆகணும்.

ஃபிட்மென்ட் சென்டர்ல கேட்டா 180/55 வர லேட் ஆகும், 190/50 கைவசம் இருக்கு, லிட்டர் பைக் (1000 சிசி) டயர், உங்க ரிம்முக்கும் உக்காரும், பிடிப்பு கூடும்ங்குறாங்க. கூட வர்ற பையன் அது வேணாம் 190/55 தான் போடணும்ங்குறான். எனக்கு அழகெல்லாம் முக்கியமில்ல, ட்ராக்ஷன் கன்ட்ரோல் (பின் வீல் வழுக்குனா பவரைக் குறைக்கிறது, சுருக்கமா டிசி) சரியா வேலை செய்யணும், மழைல என்3ல மாரிட்ஸ்பர்க் தாண்டி வர்ற டவுன் ஹில்ங்குற மலை ஏத்தத்துல இறங்குறப்பவும் ஏறுறப்பவும் அதை நம்பித்தான் ஓட்டுறேன். இன்னொன்னு, கொஞ்ச நாளாவே டிசியை 3ல (அதிகமா தலையிடுற நிலை) வச்சு ஏத்தத்துல த்ராட்டில் குடுத்தா டிசியோட மஞ்ச லைட் முன்னைவிட அடிக்கடி மின்னுது, ரோடு காஞ்சுதான் இருக்கு. அதுக்கும் டயருக்கும் சம்பந்தம் உண்டா?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்

தம்பி, 190/50ஐ முதல்ல விட்டுடுங்க. அது பெரிய டயரே இல்ல, உங்க 180/55ஐ விட குட்டை. முதல் நம்பர் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது நம்பர் மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல எத்தனை சதவீதம் உயரம்ங்குறது. 190ல 50 சதவீதம் 95 மில்லி, 180ல 55 சதவீதம் 99 மில்லி. 17 இன்ச் ரிம் 431.8 மில்லி, மேலயும் கீழயும் சேத்தா 180/55 மொத்த விட்டம் 630 பக்கம் வரும், 190/50 வெறும் 622, 190/55 தான் 641. இதெல்லாம் கணக்குப்படி, கம்பெனிக்கு கம்பெனி சில மில்லி மாறும்.

இப்ப டிசி என்ன பாக்குதுன்னா, ரெண்டு வீல்லயும் ஏபிஎஸ் சென்சார் இருக்குல்ல, அதுலேர்ந்து முன் வீல் எவ்ளோ வேகமா சுத்துது பின் வீல் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு எடுத்துக்குது, முன்னாடி இவ்ளோன்னா பின்னாடி இவ்ளோ இருக்கணும்னு ஈசியூல (வண்டியோட கம்ப்யூட்டர்) ஒரு கணக்கு வச்சிருக்கான், பின் வீல் அதைத் தாண்டி வேகமா சுத்துனா வழுக்குதுன்னு முடிவு பண்ணி பவரைக் குறைக்கும். உங்க மாடல்ல ஐஎம்யூ (சாய்வை அளக்குற சென்சார்) கிடையாது, வண்டி எவ்ளோ சாஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது, அதனால இந்த வீல் வேகக் கணக்குதான் அதுக்கு பெரிய ஆதாரம்.

குட்டை டயர் போட்டா அதே தூரத்துக்கு பின் வீல் கூடுதலா சுத்தும். வழுக்கலே இல்லாம 1.3 சதவீதம் வழுக்குற மாதிரி தெரியும், சீக்கிரமே வெட்டும். 190/55 போட்டா நேர் எதிர், 1.75 சதவீதம் நிஜமாவே வழுக்குன பிறகுதான் பழைய பூஜ்யத்துக்கே வரும். எனக்கு ரெண்டாவதுதான் பயம். சீக்கிரம் வெட்டுனா எரிச்சல், லேட்டா வெட்டுனா டவுன் ஹில் ஈரத்துல லாரிக்கு முன்னாடி கிடப்போம்.

உங்க மஞ்ச லைட்டுக்கு இதே காரணம் இருக்கலாம். நடுவுல தேஞ்சு தேஞ்சு பின் டயர் குட்டையாயிடுச்சு.

லெனேசியா_ட்ராக்

அண்ணே கணக்கு சரிதான், ஆனா 190/55ஐ இவ்ளோ பயமுறுத்த வேணாம்னு தோணுது. நான் இதே இசட்எக்ஸ்-6ஆர்ல (636ன்னு சொல்வோம்) 190/55 போட்டு டெல்மாஸ்ல ரெட் ஸ்டார் ட்ராக்ல ஓட்டுறேன். விட்டம் 11 மில்லி கூடுது, அப்ப பின்பக்கம் அஞ்சரை மில்லி எழும்புது, ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகுது, வண்டி வளைவுக்குள்ள டக்குனு விழும், அந்த சுகமே தனி. நல்லா சாயும்போது ஓரத்துல ரப்பர் அதிகமா கிடைக்குது. டிசி 1ல வச்சிருக்கேன், குறைன்னு எதுவும் பாக்கல.

யோசிச்சுப் பாருங்க, புது டயர்ல நடுவுல ட்ரெட் பள்ளம் அஞ்சு ஆறு மில்லி ஆழம் இருக்கு, நம்ம ஊரு சட்டம் 1 மில்லி வரைக்கும் விடுது. அஞ்சு மில்லி தேஞ்சா விட்டம் 10 மில்லி குறையும், அதுவே 1.6 சதவீதம். அவ்ளோ வித்தியாசத்தை தாங்குற மாதிரி தான கவாசாகிக்காரன் செஞ்சிருப்பான்?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்

செஞ்சிருப்பான், ஆனா தேய்மானம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. பின் டயர் தேஞ்சா டிசி சீக்கிரம் வேலை செய்யும், அது பாதுகாப்பான பக்கம். நீங்க 190/55 போட்டு தள்ளுறது அந்தப் பக்கம் இல்ல. இதோட முன் டயர் தேஞ்சு பின் டயர் புதுசுன்னா ரெண்டும் ஒன்னு சேரும், முன் வீல் வேகமா சுத்தும் பின் வீல் மெதுவா சுத்தும், டிசி இன்னும் தூங்கும். ரோட்டுல ஓட்டுற நம்மள்ல நெறைய பேர் பின்னாடி ரெண்டு மாத்துறதுக்குள்ள முன்னாடி ஒன்னுதான் மாத்துறோம், அதனால இது எப்பவாவது நடக்குற விஷயம் இல்ல.

ட்ராக்ல நீங்க 1ல வச்சு ஓட்டுறீங்க, காஞ்ச ரோடு, சூடான டயர், டிசி கடைசி காவல் மட்டும். அவர் 3ல வச்சு மூடுபனில வேலைக்குப் போறவர். ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த 636 பின் ரிம் 5.50 இன்ச். 190/55க்கு அளவு எடுக்குற ரிம் 6.00. 5.50லயும் உக்காரலாம்னு பல கம்பெனி சார்ட்லயே இருக்கு, ஆனா ரெண்டு ஓரமும் உள்ள இழுத்து நடு கூராகும், நீங்க சொல்ற டக்குனு விழுறதுல பாதி அதுதான். செயினுக்கும் டயருக்கும் நடுவுல இடம் இருக்கா, ஹக்கர்ல (பின் வீலை ஒட்டி இருக்குற மட்கார்டு) உரசுதான்னு வீலை முன்னாடி தள்ளுன நிலையிலயும் பாக்கணும். ஹைவே வேகத்துல டயர் இன்னும் கொஞ்சம் உப்பும், ஸ்டாண்டுல இடிக்கலன்னா சரின்னு விட்டுடக் கூடாது.

கேப்_மழை

நான் கேப்டவுன்ல ஏப்ரிலியா ஆர்எஸ்வி4 ஏபிஆர்சி (ட்ராக்ஷன் கன்ட்ரோல் அடங்குன ஏப்ரிலியா எலக்ட்ரானிக்ஸ்) ஓட்டுறேன். இதுல டயர் மாத்தினா, ஸ்ப்ராக்கெட் மாத்தினாகூட, மெனுல போய் கேலிப்ரேஷன் போட்டு நேரா சீரா கொஞ்ச தூரம் ஓட்டினா வண்டியே புது விகிதத்தை எடுத்துக்கும். எல்லா வண்டியிலயும் இந்த வசதி இருக்கும்னு நெனச்சுடாதீங்க. உங்க மேனுவல்ல அப்படி ஒரு பக்கம் இல்லன்னா ஈசியூ பழைய கணக்குலதான் இருக்கும்னு எடுத்துக்கிட்டு முடிவெடுங்க.

வாதத்தை விட ஒரு சின்ன வேலை பண்ணுங்க தம்பி. காத்து சரியா வைங்க, முன்னாடி 2.5 பார், பின்னாடி 2.9. சமமான தரைல டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, தரைல ஒரு கோடு. நீங்க மேல உக்காந்துக்கிட்டு யாரையாவது மெதுவா தள்ளச் சொல்லுங்க, வீல் அஞ்சு சுத்து முடிஞ்சதும் தரைல கோடு போட்டு டேப்ல அளந்து அஞ்சால வகுங்க. முன்னாடியும் இதே மாதிரி. பின் அளவை முன் அளவால வகுத்தா வர்றதுதான் ஈசியூ பாக்குற விகிதம். டயர் ஓரத்துல எழுதுன நம்பரை விட இதை நம்பலாம்.

கணக்குப்படி 120/70ஓட 180/55 புதுசா இருந்தா 1.05, 190/55 1.068, 190/50 1.037.

ஒன்னு விட்டுப்போச்சு, சாயும்போது தரையைத் தொடுறது டயரோட ஓரம், அங்க சுற்றளவு குறையும். பின் டயர் அகலம்ங்குறதால முன் டயரைவிட அதிகமா குறையும், எவ்ளோன்னு டயரோட வளைவுதான் தீர்மானிக்கும். அதனால ஒரே சைஸ்லயே பிராண்டு மாத்துனா டிசி குணம் லேசா மாறும். முடிஞ்சா முன்னும் பின்னும் ஒரே மாடல் டயரா வாங்குங்க.

டர்பன்_பச்சை

கேப்_மழை அக்கா சொன்ன மாதிரி அளந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் தள்ளுனார். முன்னாடி 1872 மில்லி, பின்னாடி 1938. வகுத்தா 1.035.

அப்ப ஒன்னு புரியுது. கடைல தர்றேன்னு சொன்ன 190/50 புதுசாவே 1.037. அதாவது என் தேஞ்ச டயர் இப்ப எந்த இடத்துல இருக்கோ புது டயர் அங்கேயே ஆரம்பிக்கும், லைட் மின்னுறதும் அப்படியே இருக்கும், அது தேய ஆரம்பிச்சா இன்னும் கீழ போகும். அதுக்கு காசு குடுக்க மனசு வரல. 180/55க்கே ஆர்டர் குடுத்துட்டேன், வர்ற வரைக்கும் பஸ்தான். முன் டயர்ல நடுவுல மூணு மில்லிக்கு மேல இருக்கு, அதையும் சேத்து மாத்தணுமா?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்

ரப்பர்ல வெடிப்பு விழலன்னா, ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா இப்ப வேணாம். முன் டயர்ல ரெண்டு மில்லி போயிருந்தா அது விட்டத்துல 4 மில்லி, முக்கால் சதவீதத்துக்கும் குறைவு. ஆனா அது எந்த வருஷத்து டயர்னு ஓரத்துல இருக்குற நாலு இலக்கத்தைப் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். டர்பன் வெயில்லயும் உப்புக் காத்துலயும் நிக்கிற வண்டிக்கு தேய்மானத்தை விட வயசு சீக்கிரம் வந்துடும். புது டயர் வாங்குறப்பவும் இதே நம்பரைப் பாத்து வாங்குங்க.

லெனேசியா_ட்ராக்

ரோட்டுக்கு 180/55 சரிதான், அண்ணன் சொன்ன முன் டயர் விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல, இந்த வாரம் என் வண்டியையும் அளக்கப் போறேன். பச்சை, புது டயர் போட்டதும் முதல்ல கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டி மேல்பளபளப்பு போகட்டும், அப்புறம் மறுபடி அளந்து அந்த நம்பரை இங்க போடுங்க, 3ல அதே ஏத்தத்துல லைட் மின்னுதா இல்லையான்னும் சொல்லுங்க.