புதுப்பிப்பு: திருகோணமலை உப்புக்காற்றில் அந்தச் சிறிய கத்தி

நாலங்குலத்துக்கும் குறைந்த அலகுள்ள 1095 என்ற வகைக் கார்பன் எஃகுக் கத்தி ஒன்று காட்டுக்கும் கடற்கரைக்கும் போதுமா என்று பார்க்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். மாரியும் முடிந்துவிட்டது, இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

காட்டு வேலைக்கு அருமை. கன்னியா பக்கம் காய்ந்து விழுந்த பாலை மரக் கொம்பைச் சீவினேன். சரியான வைரமான மரம், கூர் கொஞ்சம் குறைந்தது. தீட்டுகல்லில் நாலு இழுப்பு இழுத்ததும் திரும்பி வந்துவிட்டது. முதுகு விளிம்பு செங்கோணமாக இருப்பதால் தீக்கோலை (தீ மூட்டப் பொறி தரும் உலோகக் கோல்) அதில் உரசினால் பொறி தாராளமாகப் பறக்கிறது. காய்ந்த பன்னாடையை நன்றாகப் பிய்த்து, தும்பு தும்பாக ஆக்கி வைத்தால் பற்றிக்கொள்ளும். ஆனால் அலகு நீளத்தைவிடத் தடித்த கட்டையைப் பிளக்க இது சரிவராது.

சிக்கல் உப்புதான். நிலாவெளியில் மீன் வெட்டியபின் கழுவாமல், துடைத்து மட்டும் உறையில் வைத்துப் பார்த்தேன். விடிய எடுத்தால், அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் துருவின் செம்புள்ளிகள். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும்; இதில் அது இல்லையென்றே சொல்லலாம். தோல் உறை வேறு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இப்போது நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, உறைக்கு வெளியேதான் வைக்கிறேன்.

படகில் கொண்டுபோகலாமா என்று கேட்ட தம்பிக்கு: இது வேண்டாம், துருப்பிடிக்காத எஃகே வாங்குங்கள்.