மரவேலையில் ‘பினிஷ்’, ‘ரீபினிஷிங்’: ‘காப்பு’, ‘காப்பு மாற்றல்’ என்று சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

மரத்தின் மேல் இடும் வார்னிஷ், பொலிஷ், எண்ணெய் போன்றவற்றை ஆங்கிலத்தில் ‘பினிஷ்’ என்கிறார்கள்; பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக இடுவது ‘ரீபினிஷிங்’. போன கிழமை இங்கே ‘ரீபினிஷிங்’ என்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் வந்தன: மறுமெருகு, மீள்பூச்சு, புதுப்பித்தல். மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்வதென்றால், மூன்று மாதமாக எங்கள் வீட்டு மாடிப்படியில் நான் செய்துவரும் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட எங்களுடையது பழைய வீடு. பதினான்கு மரப்படிகள், முதிரையில் கைபிடி, அதைத் தாங்கும் கடைசல் கால்கள். மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும், வறண்ட கச்சான் காற்றுக்குச் சுருங்கும். வருடக்கணக்காக இப்படி ஊதிச் சுருங்கியதில் மேலிருந்த பூச்சு மீன் செதிள் போலக் கிளம்பிவிட்டது. நகத்தால் தட்டினாலே உதிர்ந்தது.

முதலில் பழைய பூச்சு என்னவென்று அறிய வேண்டும். கண்ணுக்குப் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்துப் பார்த்தேன். கைபிடியில் உடனே பிசுபிசுத்தது. அப்படியென்றால் அது ஸ்பிரிட்டில் கரையும் அரக்குப் பொலிஷ். படிகளில் ஸ்பிரிட்டும் ஒன்றும் செய்யவில்லை, லாக்கர் தின்னரும் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே அது, இரண்டிலும் எளிதில் கரையாத வார்னிஷ். சுவரோரப் பலகையில் மட்டும் பழைய பெயின்ட். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்காமல், முகமூடி போட்டு, நனைத்து நனைத்தே எடுத்தேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் அவசரப்படவே கூடாது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘மெருகு’ என்றால் பளபளப்பு. படியில் நான் வேண்டாம் என்று நினைத்ததே அந்தப் பளபளப்பைத்தான். அம்மம்மா வெறுங்காலோடு ஏறி இறங்குகிறார், வழுக்கக் கூடாது. அதனால் மங்கலான வார்னிஷ்தான் பூசினேன். மெருகே இல்லாத ஒன்றை ‘மறுமெருகு’ என்று எப்படிச் சொல்வது?

‘மீள்பூச்சு’ என்றதும் இருப்பதன் மேலேயே இன்னொரு தடவை பூசுவதுதான் மனதில் வருகிறது. உண்மையில் முக்கால்வாசி வேலை பழையதை எடுப்பதுதான். முதலில் 80 இலக்க சாண்ட் பேப்பர், பிறகு 120, பிறகு 180, எல்லாமே ரேகை ஓடும் திசையில். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வார்னிஷ் ஏறியதும் அந்தக் கீறல் அப்படியே தெரியும். கடைசல் கால்களின் பள்ளங்களுக்குள் தாள் போகாது. சாக்குச் சரடை வளைத்து, செருப்புத் துடைப்பதுபோல இழுத்துத்தான் அவற்றைச் சுத்தம் செய்தேன். அதோடு, ஆளிவிதை எண்ணெய் போன்றவை மரத்தின் மேலே நிற்பதில்லை, உள்ளே ஊறிப்போகும். அதைப் ‘பூச்சு’ என்றால் பொருந்துமா?

‘புதுப்பித்தல்’ மிகவும் அகலமான சொல். ஆடிய இரண்டு கால்களைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, புதுப் பசை வைத்து, ஒரு நாள் கயிற்றால் இறுக்கி வைத்தேனே, அதுவும் புதுப்பித்தல்தான். பழைய பசையின் மேல் புதுப் பசை பெரும்பாலும் சரியாகப் பிடிக்காது என்பதால் அந்தச் சுரண்டல் தனி வேலை. அதற்குப் பழுதுபார்த்தல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

என் முன்மொழிவு ‘காப்பு’. கும்பாபிஷேகத்துக்கு முன் எண்ணெய்க்காப்பு சாத்த எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்போம்! சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்றும் சொல்கிறோம். எண்ணெய் ஊறும், சந்தனம் மேலே படியும், இரண்டும் காப்புத்தான். ஊறுவதையும் படிவதையும் ஒரே சொல்லுக்குள் அடக்கும் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. மரத்துக்கு நாம் செய்வதும் அதுதானே. பழைய சந்தனக்காப்பை எடுப்பதைக் ‘களைதல்’ என்கிறோம். ஆகவே பழைய வார்னிஷை எடுப்பது காப்புக் களைதல். களைந்து, தேய்த்து, புதிதாக இடும் முழு வேலையும் காப்பு மாற்றல்.

அரக்குக்காப்பு, மெழுகுக்காப்பு, மங்கற்காப்பு என்று மேலும் சொற்களை இயல்பாகப் பிறப்பிக்கலாம். ‘பூச்சு’ என்பதை ஒவ்வொரு தடவைக்கும் வைத்துக்கொள்ளலாம். படிகளுக்கு நான் இட்டது மூன்று பூச்சில் ஒரு மங்கற்காப்பு. இந்த வேறுபாடு தமிழில் அவசியம் தேவை.

கோயில் சொல் எல்லாருக்கும் பொருந்துமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கால்களைக் கழற்ற உதவியவர் பக்கத்து ஊரான கிண்ணியாவின் ஓடாவி (தச்சர்), முஸ்லிம் நானா ஒருவர். அவரிடமே கேட்டேன். “காப்புறுதி எண்டு எல்லாருந்தானே சொல்றம், இதில என்ன?” என்றார். (காப்புறுதி என்றால் இன்சூரன்ஸ்.) கையில் போடும் காப்போடு குழம்பும் என்ற கவலையும் எனக்கில்லை. மரத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் வளையலை நினைக்கமாட்டார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று விசயம். மழை நாளில் அரக்குக்காப்பு இடவேண்டாம். நான் மார்கழியில் அவசரப்பட்டு இட்டேன், ஈரத்தை இழுத்துப் பால்போல வெளுத்துவிட்டது. வெயில் வந்த பிறகு ஸ்பிரிட் துணியால் மெல்லத் துடைத்துத்தான் சரிப்படுத்தினேன். மற்றது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். கடைசியாக, படிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசினால் வீட்டில் ஏறி இறங்கவும் வழி இருக்கும்.

ஒரு கேள்வி பாக்கி. முன்பு மரத் தோணிகளுக்கும் வள்ளங்களுக்கும் சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த வேலையைக் கரையில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? மூதூர், கிண்ணியாப் பக்கம் தோணி கட்டும் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் விசாரித்து எழுதுங்கள். அங்கே ஒரு சொல் இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ள நான் தயார்.