காட்பாடியில் ஊர்க்காரர் ஐக்கியமா, தெருமுனைச் சபையா?

கேட்டவர்: நாசரேத்தான்

ஸ்தோத்திரம். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் காட்பாடிக்கு வந்தோம். மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தெருமுனையில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குத்தான் போகிறோம்.

வேலூரில் இருக்கிற தென்மாவட்டத்துக்காரர்கள் மாதம் ஒரு சாயங்காலம் ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். நாங்களும் போவோம். ஊர்ப் பேச்சு, ஊர்ச் சாப்பாடு, நன்றாகவே இருக்கும். இப்போது அதை ஞாயிறு காலை ஆராதனையாகவே ஆக்கலாம் என்று பேச்சு. சந்தாவையும் அங்கேயே கொடுத்துவிடலாமாம்.

சென்ற கூட்டத்தில் சும்மா சுற்றிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே சாதி. யாரும் அப்படி விதி போடவில்லை, ஆனால் அழைப்பு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மனைவியோ, "நாளைக்கு மகளுக்கு வரன் தேடினால் இவர்கள்தானே வருவார்கள்?" என்கிறாள். என்ன செய்யலாம்?

குடியாத்தத்துக்காரி

பிரதர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சபையிலும் வெளியூர்க் குடும்பங்கள் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேவலை இரண்டாயிரத்துக்கு எடுப்பார்கள், தெருவில் ஒரு சாவு என்றால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முப்பது வருடம் இருந்துவிட்டும் "எங்க ஊர்ல" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

அதற்காக நாங்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை. கமிட்டித் தேர்தல் வந்தால் எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள் என்று நாங்களும்தான் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு பிடிக்காமல் ஒதுங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

லாட்ஜ்காரன்

ஆஸ்பத்திரி பக்கம் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், மிசோரம் என்று எல்லா ஊர்க்காரர்களும் வந்து தங்குவார்கள். ஒரு மிசோ குடும்பம், அப்பாவுக்குப் புற்றுநோய். சாயங்காலமானால் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பாடுவார்கள். ஆளுக்கொரு குரல் பிரித்துப் பாடுவார்கள், புத்தகமே கையில் இருக்காது. மற்ற அறைக்காரர்களும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களிடம் போய்த் தமிழ் ஆராதனைக்கு வாருங்கள் என்று சொல்ல மனசு வருமா? நோயில் கிடக்கிறவனுக்குச் சொந்த மொழி வேண்டும்.

உங்கள் விஷயம் வேறு, அண்ணே. உங்களுக்கு மொழி தடையில்லை.

ராணிப்பேட்டை வாத்தியார் (ஓய்வு)

தம்பி, வேலூர் சேர்ந்த இந்தப் பழைய வட ஆற்காட்டில் ஊழியம் செய்தது ஆற்காடு மிஷன். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆரம்பித்தது, அமெரிக்க சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. உங்கள் நாசரேத்தோ எஸ்.பி.ஜி. மிஷன், ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை வழி. அப்போது உங்களுக்கு பிஷப் உண்டு, எங்களுக்கு மூப்பர்கள்தான். இப்படிப் பிரிந்திருந்த சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆவதற்கு 1919-இல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் முடிந்தது. இருபத்தெட்டு வருடம் இழுத்ததற்கு முக்கியக் காரணமே இந்த பிஷப் பிரச்சினைதான். அப்படிச் சேர்ந்ததை ஒரு ஞாயிறு காலையில் பிரித்துவிடலாம் என்கிறார்கள்!

அப்போஸ்தலர் 6 படியுங்கள். தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று, சபையில் கிரேக்க மொழி பேசிய யூதர்கள் எபிரெயர்மேல் முறுமுறுத்தார்கள். தனியாகப் போய்க் கூடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கமே பொறுப்பு போனது என்றுதான் தெரிகிறது. குடியாத்தத்து அம்மா சொன்ன கமிட்டிக்கும் இது பொருந்தும்.

நாசரேத்தான்

நன்றி ஐயா. மாதக் கூட்டத்துக்குப் போவோம், ஞாயிறு காலையும் சந்தாவும் தெருமுனைச் சபைக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி முகம் இன்னும் சரியாகவில்லை. வரன் விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லையே?

குடியாத்தத்துக்காரி

முதலில் பெண்ணைக் கேட்டீர்களா, பிரதர்?