‘கன்ட்ரோலர் போர்டு’: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கணினி நிரலின்படி தானே வெட்டும் இயந்திரம்) கட்டுவோருக்கான தமிழ்க் கையேட்டில் மின்னணுப் பகுதியின் வரைவு முடிந்துவிட்டது. சொற்கள்தான் இடிக்கின்றன. கன்ட்ரோலர் போர்டு, ஸ்டெப்பர் டிரைவர், பிரேக்-அவுட் போர்டு மூன்றையும் வரைவு ‘கட்டுப்பாட்டுப் பலகை’ என்றே எழுதுகிறது. ஆனால் வேலை மூன்றுக்கும் வேறு. முதலாவது, ஜி-கோடை (கருவி எங்கே, எப்படி நகர வேண்டும் என்ற கட்டளை வரிகளை) படித்து, எங்கே வேகமெடுப்பது எங்கே குறைப்பது என்று கணக்கிட்டு, ஒவ்வோர் அச்சுக்கும் துடிப்புகளை அனுப்பும். இரண்டாவது, துடிப்பு வந்ததும் மோட்டார் சுருளின் மின்னோட்டத்தை மாற்றி ஒரு படி நகர்த்தும். மூன்றாவது கணக்கும் போடாது, மோட்டாரையும் தொடாது. கணினியின் பழைய பேரலல் போர்ட்டில் உள்ள 25 ஊசிகளைத் திருகு முனைகளாகப் பிரித்துத் தரும், அவ்வளவே.

இந்தக் குழப்பம் காசைக் கரைக்கிறது. ஐந்து அச்சு பிரேக்-அவுட் போர்டில் யுஎஸ்பி துளையைப் பார்த்ததும் அதையே கன்ட்ரோலர் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். பரவலாக விற்கும் மலிவான பலகைகளில் அந்தத் துளை 5 வோல்ட் வாங்கிக்கொள்ள மட்டுமே. அதன் வழியே தரவு போகாது. கணினியில் செருகினால் விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது. மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். உங்கள் பரிந்துரை என்ன?

*

வணக்கம். புதுச்சொல் தேவையா என்பதே என் கேள்வி. மைக்ரோகன்ட்ரோலருக்கு ‘நுண்கட்டுப்படுத்தி’ புழக்கத்தில் இருக்கிறது. அதன் வழியே ‘கட்டுப்படுத்திப் பலகை’ என்று வைக்கலாம். டிரைவருக்குக் கணினித் தமிழில் ‘இயக்கி’ நிலைத்துவிட்டது. இருக்கும் சொல்லை விட்டுத் துறைக்கு ஒன்று புனைந்தால் மாணவர்கள்தான் திணறுவார்கள்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: இருக்கும் சொல்லை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. அதனால்தான் அவற்றை இந்த அத்தியாயத்தின் வாக்கியங்களிலேயே போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.

‘இயக்கி’யை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோலராகப் பயன்படும் ஆர்டுயினோ உனோ என்ற சிறு பலகையின் விலை குறைந்த நகல்களில் சிஎச்340 என்ற சில்லு இருக்கும். அதைச் சில கணினிகள் தாமாக அறிந்துகொள்ளா. அதற்கான மென்பொருள் இயக்கியை நிறுவ வேண்டும். அதே பக்கத்தில் ஏ4988 என்ற ஸ்டெப்பர் டிரைவரையும் ‘இயக்கி’ என்றால், ‘இயக்கி சரியாக அமர்ந்துள்ளதா பாருங்கள்’ என்ற வரிக்குப் படிப்பவர் கணினியைத் திறப்பாரா, பலகையைப் பார்ப்பாரா? ‘கட்டுப்படுத்தி’யிலும் இதே தொல்லை. ஏ4988-இல் சிறு திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறோம். ஸ்பிண்டிலுக்கு (வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டாருக்கு) வேகக் கட்டுப்படுத்தி தனியாக இருக்கிறது. எல்லாமே கட்டுப்படுத்துகின்றன.

என் பரிந்துரை: கன்ட்ரோலர் ‘நடத்தி’, டிரைவர் ‘ஓட்டி’. நம் பேருந்தில் நடத்துநர் விசில் கொடுத்தால் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். எப்போது, எத்தனை முறை என்பது நடத்துநர் கையில். சக்கரத்தைச் சுழற்றும் வலு ஓட்டுநர் பக்கம். இங்கே விசில்தான் துடிப்பு. ஒப்புமை இன்னும் ஒரு படி போகிறது: சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரில் ஓட்டி படி தவறவிட்டாலும் நடத்திக்குத் தெரியாது. அது தன் கணக்கையே தொடரும். வேலைப்பொருள் கோணலாக வெட்டுப்படும்.

இந்தச் சொற்களோடு, பலகைகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை எழுதிப் பார்க்கிறேன்.

நடத்தியிடம் முதலில் கேட்க வேண்டியது, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது. உனோவில் ஓடி ஜி-கோடைத் துடிப்பாக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1 அதிகபட்சம் சுமார் 30,000 தரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. ஒவ்வொரு படியையும் 16 நுண்படியாகப் பிரித்தால் 3,200. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகுத்தண்டு என்றால் மி.மீ.க்கு 400 துடிப்பு. ஜிஆர்பிஎல் அமைப்புகளில் மூன்று அச்சுக்கும் $100 முதல் $102 வரை எழுத வேண்டிய எண் இதுவே. 30,000-ஐ 400-ஆல் வகுத்தால் நொடிக்கு 75 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 4,500. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூ (குண்டுகள் உருளும் திருகுத்தண்டு) என்றால் மி.மீ.க்கு 640 துடிப்பு, நிமிடத்துக்குச் சுமார் 2,800 மி.மீ. மரம் வெட்டும் மூன்று அச்சு ரவுட்டருக்கு இது தாராளம். ‘உனோ பழசு, தூக்கிப் போடு’ என்ற அறிவுரையைக் கையேட்டில் சேர்க்கக் கூடாது. ஆனால் நுண்படியை 32 ஆக்கினால் இந்த வேகங்கள் பாதியாகும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உனோ திணறும் இடம் வேறு. முப்பரிமாணச் செதுக்கலில் ஜி-கோடு 0.1 மி.மீ. துண்டுகளாக வரும். ஜிஆர்பிஎல் முன்கூட்டிப் பார்ப்பது 15 துண்டு, ஆக 1.5 மி.மீ. தூரம்தான் அதற்குத் தெரியும். அந்தத் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்துக்கு மேல் அது போகாது. முடுக்கத்தை 200 (மி.மீ./நொடி²) என வைத்திருந்தால் அந்த வேகம் நொடிக்கு 24.5 மி.மீ.; நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,470. நிரலில் 3,000 கேட்டாலும் கிடைக்காது. மோட்டாரைக் குறை சொல்லி மாற்றிப் பயனில்லை. செதுக்கல்தான் முக்கிய வேலை என்றால் இஎஸ்பி32 பலகையில் ஓடும் புளூயிட்என்சி, அல்லது டீன்சி 4.1 பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல்ஹால் என்ற மென்பொருள்கள் பக்கம் போகலாம். இந்தப் பலகைகள் 3.3 வோல்ட்டில் துடிப்பவை. 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் வெளி ஓட்டிக்கு நேரே இணைத்தால் சில நேரம் படி தவறும்; நடுவே துடிப்பை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74எச்சிடி245 சில்லு உள்ள பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓட்டியைத் தீர்மானிப்பது மோட்டார். சிறிய நெமா 17 அளவு மோட்டாருக்கு ஏ4988 போதும்: 35 வோல்ட் வரை, வெப்பத்தகடு இல்லாமல் ஒரு ஆம்பியர் அளவு, தகடும் விசிறியும் இருந்தால் 2-ஐ நெருங்கலாம். 2.8 ஆம்பியர் நெமா 23 மோட்டாருக்கு இது எட்டாது. டிஎம்542 போன்ற வெளி ஓட்டியும் 36 வோல்ட் சப்ளையும் வேண்டும். அப்போது ஓட்டியைச் செருகும் குழிகள் கொண்ட நடத்தி வீண்; திருகு முனை உள்ளதே தேவை. மின்னோட்டத்தைத் திருகில் வைக்கும்போது, அளக்கும் வோல்ட் = 8 × ஆம்பியர் × உணர் மின்தடை. பலகையில் ஆர்100 (0.1 ஓம்) என்றிருந்தால் ஒரு ஆம்பியருக்கு 0.8 வோல்ட், ஆர்050 (0.05 ஓம்) என்றால் 0.4. பார்க்காமல் 0.8 வைத்தால் இரண்டாவதில் 2 ஆம்பியர் பாயும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் ஓட்டி எரிந்துபோகக்கூடும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

உனோ மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு 3.0 பலகையை வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. அதில் இசட் எல்லை சுவிட்சுக்கு (அச்சு ஓட்டத்தின் கோடியை உணரும் சுவிட்சு) அச்சிட்ட முனை, உனோவின் 11-ஆம் ஊசி. ஜிஆர்பிஎல் 0.9-இலிருந்து 11-ஆம் ஊசி ஸ்பிண்டில் வேகத்துக்குப் போய்விட்டது. இசட் எல்லை 12-க்கு வந்துவிட்டது. பலகையில் அச்சிட்ட பெயரை நம்பி இணைத்தால் இசட் சுவிட்சு வேலை செய்யாது. ‘ஸ்பிண்டில் எனேபிள்’ என்று அச்சிட்ட முனையில் இணைக்க வேண்டும். சுவிட்சை அமுக்காமலே அலாரம் 1 (எல்லை சுவிட்சு அமுங்கியது என்ற எச்சரிக்கை) வந்தால், பெரும்பாலும் மோட்டார் கம்பிகளிலிருந்து எல்லைக் கம்பிக்கு மின் இரைச்சல் ஏறுகிறது. கவசக் கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்து, ஊசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

*

ஐயா, விளக்கம் தெளிவு. இரண்டு தடை எழுப்புகிறேன். ‘நடத்தி’ வினையெச்சமாகவும் படும்: ‘நடத்திப் பார்த்தான்’. இன்னொன்று, லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் பாதை கணக்கிடுவது கணினி. மெசா 7ஐ96எஸ் பலகை ஈதர்நெட்டில் அதை வாங்கித் துடிப்பாக்குகிறது. இரண்டில் நடத்தி எது?

*

இரண்டாவதற்கு முதலில். துடிப்பின் நேரத்தைத் தீர்மானிப்பது எதுவோ அதுவே நடத்தி என்று வரையறுப்போம். அப்படியானால் மெசா பலகை நடத்தி. பேரலல் போர்ட்டில் ஓடும் மாக்3 மென்பொருளில் கணினியே நடத்தி. அதனால்தான் கணினி ஒரு கணம் வேறு வேலைக்குப் போனால் மோட்டார் உறுமி நிற்கிறது. அங்கே பிரேக்-அவுட் போர்டுக்குத் துடிப்பில் பங்கில்லை. அதை ‘முனைப்பலகை’ என்று சொல்லலாம்.

வினையெச்சத் தடை சரியானது. வினைத்தொகையாக ‘நடத்துபலகை’ என்று வைத்தால் தீரும். ஊறுகாய், சுடுசோறு போல இதில் வல்லினம் மிகாது; ‘நடத்துப்பலகை’ என்று ஒற்றுப் போட வேண்டாம். கணினியே துடிப்பைத் தரும் இடத்தில் மட்டும் ‘நடத்தும் கணினி’. டிரைவருக்குத் தேரோட்டி, படகோட்டி வரிசையில் ‘மோட்டாரோட்டி’.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருக் கடையில் போய் ‘நடத்துபலகை’ கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் ‘கடையில் கேட்கும் பெயர்: கன்ட்ரோலர் போர்டு’ என்று ஓரக்குறிப்பு வைத்து, படத்தில் மூன்று பலகைகளையும் அருகருகே காட்டிவிடுங்கள்.