பேனலுக்குள் இருக்கும் ‘சப்ஸ்ட்ரிங்’: உட்சரமா, கண்ணியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாடியில் சிறிய சோலார் அமைப்பவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல் இல்லாததால் பக்கத்துக்குப் பக்கம் இடறுகிறது. பேனல்களைத் தொடரில் கோத்த வரிசையைச் ‘சரம்’ என்று எழுதுகிறேன், அதில் சிக்கல் இல்லை. பேனலுக்குள்ளேயே செல்கள் சில வரிசைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு பைபாஸ் டையோடு (வரிசை நிழலில் முடங்கினால் ஓட்டத்துக்கு மாற்றுவழி தரும் டையோடு) இருக்கிறதே, ஆங்கிலத்தில் ‘சப்ஸ்ட்ரிங்’ எனப்படும் அந்த வரிசைக்குத்தான் பெயர் வேண்டும்.

நிழல் விழும் மாடியில் கணக்குப் பார்க்கும் அலகே அதுதான். வழக்கமான 100 வாட் பேனலில் 36 செல்கள், 18 செல் கொண்ட இரண்டு வரிசை, ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரண்டு டையோடு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு செல்லை முழுக்க மூடினாலும் அந்த 18 செல்லும் போச்சு. மின்னோட்டம் டையோடு வழியே திரும்பிவிடும். 18 வோல்ட் தந்த பேனல் 9 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகத் தரும். இதைப் “பாதி நிழல்” என்று எழுதினால் படிப்பவர் பரப்பளவில் பாதி என்றே எடுத்துக்கொள்வார்.

“நிழல் என்றால் பக்க இணைப்புதான்” (பேனல்களின் பிளஸ் முனைகளை ஒன்றாகவும் மைனஸ் முனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது) என்று எல்லோரும் சொல்வதும் இந்த அலகைக் கவனிக்காததால்தான். 18 வோல்ட், 5.5 ஆம்பியர் பேனல் மூன்று, 12 வோல்ட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேனலின் மூலையில் நிழல். பக்க இணைப்பில் அந்தப் பேனலின் 9 வோல்ட் பேட்டரிக்குள் ஏறாது. கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. மூன்றையும் தொடரில் இணைத்து எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் அதிகத் திறன் தரும் வோல்ட்டேஜைத் தேடிப் பிடிக்கும் சார்ஜ் கன்ட்ரோலர்) வைத்தால் 54 வோல்ட் ஏறக்குறைய 45 ஆகும், ஓட்டம் 5.5 ஆம்பியர் அப்படியே நிற்கும். ஆறில் ஐந்து பங்கு கிடைக்கும். கேபிளிலும் லாபம் உண்டு: கன்ட்ரோலர் 15 மீட்டர் தள்ளி இருந்தால், 4 சதுர மி.மீ. கம்பியில் பக்க இணைப்பின் 16.5 ஆம்பியர் சுமார் 2.5 வோல்ட்டை விழுங்கும். தொடரில் 0.8 வோல்ட்தான். கன்ட்ரோலர் மட்டும் முழு வோல்ட்டேஜ் வீச்சையும் தேடிப்பார்க்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் குறைந்த, வோல்ட்டேஜ் கூடிய பொய் உச்சத்திலேயே நின்றுவிடும். பேனலைப் பேட்டரியின் வோல்ட்டேஜிலேயே இயக்கும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்கு இந்த வழி ஆகாது.

என் முன்மொழிவு ‘கண்ணி’. பூச்சரத்தில் ஒவ்வொரு முடிச்சாகச் சேரும் பூக்கள் கண்ணி. சரம் என்ற சொல்லோடு இயல்பாக ஒட்டும். வரையறை: “ஒரு பைபாஸ் டையோடு காக்கும் செல்வரிசை.”

---

> என் முன்மொழிவு ‘கண்ணி’.

அழகான சொல்தான், ஆனால் மின்வேலையில் வேண்டாம் என்பேன். கண்ணி என்றதும் பொறியும் வெடியுமே பலருக்கு நினைவுக்கு வரும். ‘உட்சரம்’ போதும். சரம் தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

பைபாஸ் டையோடையும் தமிழாக்கிவிடலாம். ‘பக்கவழி’ கூடாது, பக்க இணைப்போடு குழம்பும். ‘புறவழி டையோடு’ நல்லது, புறவழிச்சாலையை அறியாதவர் இல்லை. இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு மின்சாரம் திரும்பாமல் தடுப்பதற்குத் ‘தடுப்பு டையோடு’ என்று தனிப்பெயர் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றென எண்ணி இடம் மாற்றிப் போடுகிறார்கள். இலங்கை நண்பர்கள் டையோடை இருவாயி என்றும், பக்க இணைப்பைச் சமாந்தரம் என்றும் பாடநூல்களில் படித்தவர்கள். கையேட்டில் முதல்முறை வரும்போது இரு வழக்கையும் தரலாம்.

> ஒரு பைபாஸ் டையோடு காக்கும் செல்வரிசை

இந்த வரையறை அரைவெட்டு செல் (செல்லை இரண்டாக வெட்டிய) பேனலில் உடையும். 144 அரைச்செல் பேனலில் உட்சரங்கள் ஆறு, டையோடு மூன்று. மேல்பாதி உட்சரமும் கீழ்ப்பாதி உட்சரமும் பக்க இணைப்பில் ஒரே டையோடைப் பகிர்கின்றன. பேனலை நீளப்பக்கம் மேல்கீழாக நிற்கவைப்பதா, குறுக்காகப் படுக்கவைப்பதா என்பதே இதில் இருக்கிறது. சென்னையில் டிசம்பர் நண்பகலில் 1 மீட்டர் கைப்பிடிச் சுவர் வடக்கே முக்கால் மீட்டர் நிழல் தரும், காலை மாலையில் இன்னும் நீளும். அந்த நிழல் பேனலின் கீழ்விளிம்பில் ஏறும்போது, பழைய 72 செல் பேனல் நின்றிருந்தால் மூன்று உட்சரமும் மாட்டும், படுத்திருந்தால் ஒன்று மட்டும். அரைவெட்டு பேனல் நின்றிருந்தாலும் மேல்பாதி பிழைக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்கே இருக்கும் தொட்டியின் நிழலையும் பார்த்தாக வேண்டும்.

---

உட்சரம், புறவழி டையோடு இரண்டும் ஏற்பு. வரையறையை இப்படித் திருத்தலாம்: “உட்சரம்: பேனலுக்குள் தொடரில் கோத்த செல்வரிசை. அதன் இரு முனைகளும் ஒரு புறவழி டையோடின் முனைகளோடு சேர்ந்திருக்கும். ஒரே டையோடை இரண்டு உட்சரங்கள் பகிரலாம்.”

சொல் களத்தில் நிற்கிறதா என்று சோதனைக் குறிப்பு ஒன்றில் போட்டுப் பார்த்தேன்:

“36 செல் பேனலைத் தனியே கழற்றுங்கள். நல்ல வெயிலில், எதையும் இணைக்காமல், சுமார் 22 வோல்ட் காட்ட வேண்டும். 11 காட்டினால் ஒரு புறவழி டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அறுந்த டையோடை இந்த அளவீடு காட்டாது. அதற்கு, அட்டையால் பேனலை மூடிவிட்டு மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் பேனலின் இரு முனைகளுக்கும் நேரே இணைத்து, அட்டையை எடுங்கள். சுமார் 6 ஆம்பியர் காட்டும். இப்போது ஓர் உட்சரத்தில் ஒரு செல்லை மட்டும் முழுக்க மறையுங்கள். ஓட்டம் ஏறக்குறைய அப்படியே நின்றால் அந்த உட்சரத்தின் டையோடு நலம். சட்டென்று விழுந்தால் அது அறுந்திருக்கிறது. மறைத்த செல் சூடேறும், சில நொடிக்கு மேல் விடாதீர்கள். அடுத்த உட்சரத்துக்கும் இதையே செய்யுங்கள். மீண்டும் அட்டையால் மூடிய பிறகே மீட்டரைக் கழற்றுங்கள்.”

அரைவெட்டு பேனலுக்கு “டையோடைப் பகிரும் இரண்டு உட்சரங்களிலும் ஒவ்வொரு செல்லை மறையுங்கள், மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் போதாது, கம்பியைக் கவ்வி டிசி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும்” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.