வாரம் மூன்று நாள் அலுவலகம்: யாருக்கு லாபம்?

அம்பத்தூரான்:
இனி வாரம் மூன்று நாள் கட்டாயம் அலுவலகம் வரவேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் உத்தரவு. அம்பத்தூரிலிருந்து சிறுசேரி. மெட்ரோ பணிக்காக ராஜீவ் காந்தி சாலை நெடுகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். போகவர நான்கு மணி நேரம். நேற்று போய் உட்கார்ந்தேன். குழுவில் இருவர் புனேயில், ஒருவர் கோவையில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் பேசும் அதே வீடியோ கூட்டத்தைத்தான் அங்கிருந்தும் பேசினேன். இதற்கு எதற்கு நான்கு மணி நேரம்?

பழைய கை:
தம்பி, நான் குழு நடத்துகிறவன். 2021இல் சேர்ந்த ஒரு பையன் ஒரே பிழையில் மூன்று நாள் சிக்கிக் கிடந்தான். கேட்கக் கூச்சம். பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால் அவன் 'ச்சே' என்று சலித்துக்கொண்டதுமே திரும்பிப் பார்த்திருப்பேன். இரண்டு நிமிட வேலை. உங்களுக்குத் தொழில் தெரியும், வீடு போதும். அவன் யாரைப் பார்த்துக் கற்பான்?

கைக்குழந்தைக்காரி:
அண்ணா, ஐந்து நாளும் வா என்றால் நான் வேலையை விடவேண்டியதுதான். மகப்பேறு விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தமே சொன்னது. ஆனால் வேலையின் தன்மை இடம்கொடுத்து, முதலாளியும் ஒப்புக்கொண்டால்தானாம்! அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் மேலாளர் தொங்குகிறார்.

அதற்காக வீடு சொர்க்கம் என்றும் சொல்லமாட்டேன். துணி தேய்க்கும் மேசையில் மடிக்கணினி, பின்னால் குக்கர் விசில். "வீட்டில்தானே இருக்கிறாய், கேஸ் வந்தால் வாங்கி வை" என்று ஆளாளுக்கு ஒரு வேலை. பகலெல்லாம் ஏசி ஓடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணமும் எகிறுகிறது. அதை எந்த நிறுவனம் கொடுக்கிறது?

அம்பத்தூரான்:
பழைய கை அவர்களே, ஓர் ஆய்வு இருக்கிறது. பொருளியலாளர் நிக்கலஸ் ப்ளூம் குழுவினர் சீனாவின் டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடத்தி, 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்டது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டதில், வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்விலும் பாதிப்பில்லை.

பழைய கை:
நன்றாகப் படியுங்கள். அங்கே புதனும் வெள்ளியும்தான் வீடு. மற்ற மூன்று நாளும் அலுவலகம். உங்கள் நிறுவனம் கேட்பதும் அதே மூன்று நாள்தானே? சாட்சியை நீங்கள் கூட்டிவந்தீர்கள், அவர் என் பக்கம் பேசுகிறார்.

அம்பத்தூரான்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் குழு மூன்று ஊரில் இருக்கிறது. மூன்று நாள் அல்ல, முப்பது நாள் போனாலும் நான் பார்ப்பது காலி நாற்காலியைத்தான். ஊர் ஊராக ஆள் எடுத்தது நிறுவனம், சாலையில் நிற்பது நானா?

பழைய கை:
அது உங்கள் நிர்வாகத்தின் கோளாறு. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

கைக்குழந்தைக்காரி:
புதன், வெள்ளி நல்ல யோசனை. நாளைக்கே மேலாளரிடம் கேட்கிறேன். எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வருவதும் புதன்கிழமைதான். இதை மட்டும் அவரிடம் சொல்லமாட்டேன்.