சாறு சிவப்பு, சரி. விளிம்பு சிவப்பா?

சருகுநடை:
நேற்று காளான் அடையாளம் பற்றிய வேறோர் இழையில் ஒருவர், "காம்பை ஒடித்தால் சிவப்புச் சாறு வருகிறதா, அது மைசீனா ஹீமடோபஸ், கதை முடிந்தது" என்று எழுதிவிட்டுப் போனார். கீழே ஏகப்பட்ட கைதட்டல். எரிச்சல் தாங்காமல்தான் இந்தத் தனி இழை. மைசீனா என்ற சிறு காளான் பேரினத்தில் சிவப்பு வடிப்பது அது ஒன்றுதானா? மைசீனா சாங்குனோலெண்டாவும் வடிக்கும். படத்தில் இருப்பது இன்று காலை நான் எடுத்தது. மணி வடிவக் குடை, குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காம்பு நூல் கனம், ஏழு சென்டிமீட்டர் நீளம். ஒடித்ததும் கருஞ்சிவப்பாக ஒரு துளி திரண்டு நகத்தில் ஒட்டிக்கொண்டது. செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு) விளிம்பில் சிவப்புக் கோடு தெளிவாக ஓடுகிறது, ஹீமடோபஸில் பொதுவாக அது இராது. ஆகவே சாங்குனோலெண்டா.

வித்துத்தூள்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் கோடு இல்லை, இருப்பது நிழல். ஹீமடோபஸ்தான்.

சருகுநடை:
கையில் வைத்துப் பார்த்தவன் நான். நிழல் கையோடு வருமா?

வித்துத்தூள்:
வராது. கறை வரும். ஹீமடோபஸின் செவுள் நசுங்கினால் சாறு கசிந்து செம்பழுப்பாகக் கறை பிடிக்கும். நீங்கள் காம்பை ஒடித்தீர்கள், அதே விரலால் குடையைத் திருப்பினீர்கள், கறையைப் பார்த்துவிட்டுக் கோடு என்கிறீர்கள்.

கைலென்ஸ்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். "விளிம்பு" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? குடையின் ஓரத்தையா, ஒவ்வொரு செவுளின் கீழ் ஓரத்தையா? ஹீமடோபஸ் குடையின் ஓரம் சிறு பற்கள் போல வெட்டுப்பட்டிருக்கும். அது வேறு விஷயம்.

வித்துத்தூள்:
எந்த விளிம்பாக இருந்தால் என்ன, சிவப்பு இல்லை.

சருகுநடை:
எந்த விளிம்பாக இருந்தாலும் சிவப்புதான்.

ஈரமரம்:
எங்கே முளைத்தது என்று யாருமே கேட்கவில்லையே. ஹீமடோபஸ் மக்கிய மரத்தில் கொத்தாக வரும். சாங்குனோலெண்டா சருகில், ஊசியிலைக் குப்பையில், பாசியில் தனித்தனியாக நிற்கும். அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சருகுநடை:
சருகில்தான். அடுத்தடுத்து மூன்று.

வித்துத்தூள்:
சருகுக்குக் கீழே தோண்டிப் பார்த்தீர்களா? புதைந்த குச்சி ஒன்று போதும். மேலே சருகு, கீழே மரம். அப்புறம், மூன்று என்றால் கொத்துதான்.

சருகுநடை:
ஒரு முழம் தள்ளித் தள்ளி நின்ற மூன்று கொத்தா? அப்படியானால் தெருவில் நடப்பவர்கள் எல்லோரும் ஊர்வலம்தான்.

புதுக்குடை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதைச் சமைக்கலாமா?

ஈரமரம்:
வேண்டாம். இது சாப்பிட உதவாது, ஒரு குடையில் சதை தாள் கனம்கூட இல்லை. அதைவிட முக்கியமாக, மரத்தில் வரும் சிறு பழுப்புக் காளான்களில் கேலெரினா மார்ஜினாட்டா என்று ஒன்று உண்டு. அதில் அமாடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. ஈரலை அழித்து ஆளைக் கொல்லும்.

வித்துத்தூள்:
கேலெரினாவின் வித்துப் பதிவு (குடையைத் தாளில் கவிழ்த்தால் உதிரும் வித்துகளின் தடம்) துருப் பழுப்பு, மைசீனாவுடையது வெள்ளை. அதையெல்லாம் இங்கே இழுக்காதீர்கள். கேள்வி விளிம்பு.

கைலென்ஸ்:
வித்துப் பதிவு என்றதும் ஞாபகம் வந்தது, எடுத்தீர்களா?

சருகுநடை:
எதற்கு? இரண்டுக்கும் வெள்ளைதான். மெல்சர் என்ற அயோடின் கரைசல் விட்டாலும் இரண்டின் வித்தும் நீலம் காட்டும். பிரித்துக் காட்டுவது விளிம்பு மட்டுமே. சாங்குனோலெண்டாவில் விளிம்புச் செல்களுக்குள்ளேயே சிவப்புச் சாறு நிரம்பியிருக்கும். மைக்ரோஸ்கோப் இருக்கும் யாராவது சொல்லுங்கள்.

வித்துத்தூள்:
என்னிடம் இருக்கிறது. ஆனால் இதற்கு அது தேவையில்லை. பத்து மழைக்காலமாகக் குனிந்து குனிந்து பார்த்த கண் இது.

சருகுநடை:
அந்தக் கண்ணின் லட்சணம் தெரியும். போன மழையில் நான் போட்ட, வெள்ளைச் சாறு வடிக்கும் மைசீனா காலோபஸ் படத்தில் காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் சொட்டியது. "மழைத் தண்ணீர் கோத்திருக்கிறது" என்று எழுதியது யார்?

வித்துத்தூள்:
அந்தப் படம் மங்கல். இந்தப் படமும் மங்கல். உங்கள் படங்களில் மங்காதது உங்கள் தன்னம்பிக்கை மட்டும்தான்.

ஈரமரம்:
பழைய குருடி கதவைத் திறடி. போன மழைக்கும் இதே இருவர்தான்.

கைலென்ஸ்:
சின்னத் திருத்தம். ஹீமடோபஸ் இல்லை, ஹைமடோபஸ். கிரேக்கத்தில் இரத்தம் "ஹைமா", கால் "பூஸ்". காளான் ஆய்வாளர் கும்மர் 1871இல் வைத்த பெயர்.

வித்துத்தூள்:
திருத்தத்துக்கே திருத்தம். பெர்சூன் 1799இல் அகாரிகஸ் ஹீமடோபஸ் என்று வைத்தார். கும்மர் அதை மைசீனாவுக்கு மாற்றினார், அவ்வளவே. உச்சரிப்பு லத்தீன் வழி. வைத்தியசாலையில் ஹீமோகுளோபினை ஹைமோகுளோபின் என்றா கேட்பீர்கள்?

கைலென்ஸ்:
நான் கேட்பேன்.

சருகுநடை:
பெயர் வைத்த கதை இருக்கட்டும். இதோ புதுப் படம். செவுளை வெள்ளைத் தாளில் கிடத்தி, கை படாமல் எடுத்தது. மயிரிழை அளவு சிவப்பு, முனையிலிருந்து காம்புவரை அறுபடாமல் போகிறது. செவுளின் பக்கம் முழுக்க வெளிறியே இருக்கிறது. கறை இப்படி ரூல் போட்டு ஓடுமா?

ஈரமரம்:
இதில் கோடு எனக்கும் தெரிகிறது.

வித்துத்தூள்:
சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஹீமடோபஸில் மார்ஜினாட்டா என்றே ஒரு வகை எழுதப்பட்டிருக்கிறது. அதன் செவுள் விளிம்பு சிவப்பு. எனவே ஹீமடோபஸ்.

சருகுநடை:
அப்படிப் போடுங்கள்! கோடு இல்லை என்றால் ஹீமடோபஸ், இருந்தாலும் ஹீமடோபஸ். பிறகு எதற்கு இவ்வளவு நேரம் "நிழல், கறை" என்று மூச்சைப் பிடித்தீர்கள்? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதோடு நிற்காமல், நாலாவது காலைக் காட்டினால் "அதுவும் மூன்றாவதுதான்" என்கிறீர்கள்.

வித்துத்தூள்:
மூச்சைப் பிடித்தது நீங்கள். நான் படத்தில் தெரிந்ததைச் சொன்னேன். முதல் படத்தில் கோடு இல்லை, இப்போதும் சொல்கிறேன். காம்பின் கனம் என்ன? அதைச் சொல்லாமல் "நூல்" என்று கவிதை எழுதியிருக்கிறீர்கள். ஹீமடோபஸ் காம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

கைலென்ஸ்:
நூல் என்றால் தையல் நூலா, சணல் நூலா?

சருகுநடை:
ஒரு மில்லிமீட்டர். இப்போதுதான் அளந்தேன்.

வித்துத்தூள்:
வாடிய காம்பை அளந்தால் ஒன்றுதான் வரும். பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று?

புதுக்குடை:
நான் ஒன்றும் சமைக்கப் போவதில்லை, ஆனாலும் கேட்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்தால் என்ன பயன்?

வித்துத்தூள்:
புதுக்குடை, இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நடைப்பயிற்சிக் குழுவில் சேரலாம்.

ஈரமரம்:
அவர் மேல் ஏன் பாய்கிறீர்கள்? நியாயமான கேள்விதானே.

சருகுநடை:
டப்பாவைத் திறந்தேன். குடை மேல் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது, ஒவ்வொரு மயிரின் நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புள்ளி.

வித்துத்தூள்:
ஸ்பினெல்லஸ்! மைசீனா மேல் வரும் பூஞ்சணம். ஹீமடோபஸ் மேல்தான் அதை அதிகம் பார்ப்பார்கள். இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

சருகுநடை:
வேறு மைசீனாக்களிலும் வரும்.

வித்துத்தூள்:
வரும். ஆனால் இது அதில்லை.

கைலென்ஸ்:
"இது", "அது" என்று எதைச் சொல்கிறீர்கள்?